பழைய வீடியோ கேம்களுக்கு ஒரு அறை: வயரிங் முதல் அலமாரி வரை எதைத் தேர்ந்தெடுப்பது?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி இங்கே ஒரு தொழிற்பேட்டை வளர்ந்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கத் தனி அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. பொம்மை, இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர் எல்லாம் இவ்வூர்ப் பட்டறைகளின் சரக்கு. மின்சாரம் எந்த வழியில் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தொழிலாகவே அறிந்த ஊர் இது. பழைய வீடியோ கேம்களுக்கு வீட்டில் ஒரு அறை ஒதுக்க நினைப்பவருக்கும் முதலில் வேண்டியது அந்த அறிவுதான்.

1990களில் பெரியாஸ்பத்திரி வேலைக்கோ நெய்வேலி வேலைக்கோ போன அப்பா, தீபாவளி போனஸில் வாங்கி வந்த ‘டிவி கேம்’ இன்றும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. சமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பெயர்கள் வேறுவேறாக இருந்தாலும் பெரும்பாலானவற்றின் உள்ளே இருந்தது 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் வடிவமைப்பு. மரியோவும் கான்ட்ராவும் ரோட் ஃபைட்டரும் விளையாடி வளர்ந்தவர்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டுகிறார்கள், பழைய சாமான் கடைகளில் கேசட் தேடுகிறார்கள்.

இவர்களுக்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீட்டையோ ஐரோப்பிய வீட்டையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே 120 வோல்ட், ஸ்கார்ட் கேபிள், உலர்ந்த காற்று. இங்கே 230 வோல்ட், பால் (PAL) முறை டிவி, ஐப்பசி கார்த்திகை மழை, கரையான். ஆகவே நம் வீட்டுக்கு எது சரி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எர்த், வோல்டேஜ், ஈரம், டிவி, மெஷின். இந்த வரிசையில்தான் பணத்தைச் செலவழிக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால்தான் நல்ல மெஷின்கள் ஒரே மழைக்காலத்தில் செத்துப் போகின்றன.

எதைச் சேர்ப்பது: அசலா, குளோனா, எமுலேட்டரா?

அறையின் அளவும் வயரிங்கும் இந்தக் கேள்வியின் பதிலைப் பொறுத்தவை.

குளோன்: ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த, மேலே சொன்ன ‘டிவி கேம்’ வகை. நம் ஊரில் எளிதில் கிடைப்பது இதுதான். 60 பின் கேசட், 9 வோல்ட் அடாப்டர், மஞ்சள் பின் ஏவி கேபிள் போதும். சில வாட் மின்சாரத்தில் ஓடும். கெட்டால் உள்ளூர் டிவி மெக்கானிக்கே பார்த்துவிடுவார். பெரிய விலை மதிப்பு கிடையாது. ஆனால் இந்தியாவில் வீடியோ கேம் எப்படி வீடு வீடாகப் போனது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. தமிழ்நாட்டில் சேகரிப்பைத் தொடங்குபவர் இங்கிருந்தே தொடங்கலாம்.

அசல் மெஷின்: சேகாவின் மெகா டிரைவை 1995 வாக்கில் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றது. விலை ரூ.18,000. அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை, அதனால் இன்று கிடைப்பதும் அரிது. சோனியின் பிளேஸ்டேஷன் 2 அப்படியில்லை. 2000இல் வெளிவந்து 2013 தொடக்கம் வரை தயாரிப்பில் இருந்தது, மணிக்கணக்குக் கட்டணக் கடைகள் வழியாகச் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தது. அசல் மெஷின் வேண்டும் என்பவருக்கு என் முதல் பரிந்துரை பிஎஸ் 2. பிஎஸ் 1 டிஸ்க்குகளையும் அது ஓட்டும் என்பதால் ஒரே இடத்தில் இரண்டு தலைமுறை அடங்கிவிடும். 2009இல் வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ போன்ற இந்திய விளையாட்டுகளைத் தேடிச் சேர்க்க விரும்பினாலும் இதுதான் வழி.

எமுலேட்டர்: ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் பழைய விளையாட்டுகளை ஓட்டுவது. இடம் வேண்டாம், வயர் வேண்டாம், எச்டிஎம்ஐயில் புது டிவியோடு நேராக இணையும். வாடகை வீட்டில் ஒரு மேசை மட்டுமே கிடைத்தவருக்கு இது நல்ல தேர்வு. விளையாட்டுக் கோப்புகளுக்குக் காப்புரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். கையில் கேசட் இல்லாததால் இதைச் சேகரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் மின்சாரம் மோசமான நாட்களில் விளையாட ஒன்றும், சேர்த்து வைக்க ஒன்றும் என இரண்டும் இருப்பது புத்திசாலித்தனம்.

எந்த அறை: மாடியா, கீழ்த்தளமா?

மொட்டை மாடியை ஒட்டிய அறை சித்திரை வைகாசியில் அடுப்பாகக் கொதிக்கும். கீழ்த்தளத்துப் பின்னறை மழைக்காலத்தில் ஓதம் காக்கும். பழைய மெஷின்களுக்கு இரண்டும் எதிரிகள். கண்டன்சர் சூட்டில் வறண்டு போகும். ஈரத்தில் கேசட் பின்களில் களிம்பு ஏறும், டிஸ்க் படிக்கும் லென்ஸில் பூஞ்சை படியும்.

இரண்டில் ஒன்று என்றால் கீழ்த்தளத்தின் உள்ளறையையே எடுக்கலாம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, குளியலறைச் சுவரையும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரையும் ஒட்டி அலமாரி வைக்கக் கூடாது. இரண்டாவது, தரையிலிருந்து குறைந்தது ஓரடி உயரத்துக்குக் கீழே எந்த மெஷினும், எந்த பிளக் பாயின்ட்டும் இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டத்தில் இருக்கிறோம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் இந்த மாவட்டத்தை என்ன செய்தது என்று நினைவிருப்பவருக்கு இந்த ஓரடியின் அருமை தெரியும்.

ஜன்னல் மேற்கே பார்த்திருந்தால் கனமான திரை போடுங்கள். பழைய மெஷின்களின் சாம்பல் நிற ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீத்தடுப்புக்காகப் புரோமின் சேர்மங்கள் கலந்திருக்கும். வெயிலும் சூடும் பட்டால் அது மஞ்சளிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுக்க வைக்கலாம், ஆனால் அந்த வெண்மை நிலைக்குமா என்பது உறுதியில்லை. வெயில் படாமல் வைப்பதே மேல்.

வயரிங்: பீங்கான் ஃபியூஸா, எம்சிபியா?

முதலில் மின்சுமையைக் கணக்கிடுவோம். 14 அங்குலப் பழைய டிவி சுமார் 50, 60 வாட் எடுக்கும். 21 அங்குலம் 100 வாட்டை ஒட்டி இருக்கும். பிஎஸ் 2இன் பெரிய மாடல் 50 வாட் அளவு. குளோன்கள் கணக்கிலேயே வராது. விளக்கு, ஃபேன், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்தாலும் 400 வாட்டைத் தாண்டுவது அரிது. ஒரு 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது 6 × 230 = 1,380 வாட். ஆகவே கனமான வயர் தேவையில்லை. அறைக்கென்று தனி லைன், 1.5 சதுர மில்லிமீட்டர் தீத்தடுப்புச் செம்பு வயர், உண்மையான எர்த். இவ்வளவுதான் வேண்டும். ஏசி உண்டென்றால் அதற்கு வேறு லைன் இழுக்க வேண்டும்.

பீங்கான் ஃபியூஸ் கேரியரைக் குறை சொல்ல மாட்டேன். பீங்கான் தீப்பிடிக்காது, உருகாது, மின்சாரத்தைக் கடத்தாது. குறை அதற்குள் நாம் போடும் கம்பியில்தான். ஃபியூஸ் போன இரவில் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றிவிடுகிறோம். அதன்பின் அது ஃபியூஸாக இருப்பதில்லை, வெறும் இணைப்பாகிவிடுகிறது. மேலும் மின்கசிவை ஃபியூஸால் உணர முடியாது. எம்சிபி வயரைக் காக்கும். ஆர்சிசிபி மனிதரைக் காக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஆர்சிசிபி லைனைத் துண்டித்துவிடும். முப்பது வயதான அடாப்டர்களைக் குழந்தைகள் தொடும் அறையில் இந்த இரண்டும் இருந்தே தீர வேண்டும். இந்த அறைக்கு 10 ஆம்பியர் எம்சிபி ஒன்று, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போதும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்தே இதைச் செய்யுங்கள்.

எர்த் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் வயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனிடம் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே விளக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் குழியைச் சரிசெய்ய வேண்டும்.

ஆபத்து இன்னொரு வழியிலும் வரும். பல பழைய மெஷின்களுக்கு இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. அவற்றின் உலோகப் பாகத்தைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும். மின்சாரம் ஓடும்போதே ஏவி கேபிளைச் செருகினால் அந்தக் கசிவு டிவியின் ஏவி போர்ட் வழியே பாய்ந்து சிப்பைக் கொன்றுவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டுவது என்பதை வீட்டில் எல்லாருக்கும் பழக்கமாக்குங்கள். தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி ஒயரையும் இந்த அறை டிவியோடு இணைக்க வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் சேதம் அந்த வழியாகவும் வீட்டுக்குள் வரும்.

போர்டா, ஸ்பைக் பஸ்டரா?

கடையில் வாங்கும் ஸ்பைக் பஸ்டர் உடனடி வசதி. ஆனால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் ஒன்றே இரண்டு ஓட்டைகளை மறைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் பாதுகாப்புப் பொருள் ஒவ்வொரு மின் அதிர்ச்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அது தேய்ந்ததே நமக்குத் தெரியாது. ஒன்றில் இன்னொன்றைச் செருகிச் சங்கிலியாக நீட்டுவதும் ஸ்பைக் பஸ்டர் உள்ள வீடுகளில் வழக்கமாகிவிடுகிறது.

சுவரில் நிரந்தரமாக ஒரு போர்டு அடித்துக்கொள்வதே என் தேர்வு. சாக்கெட்டுகளுக்கு இடையே ஒரு மாட்யூல் அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி சுவிட்ச் இருக்கட்டும், இது நம் நாட்டு வழக்கம் நமக்குத் தந்த வசதி. டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் மெஷினை அணைத்த பிறகும் சூடாகிக்கொண்டே இருக்கும். விளையாடி முடித்ததும் சுவிட்சை அணைத்தால் அதன் ஆயுள் கூடும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே எந்த மெஷின் என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இந்த அறையில் எல்லா நாட்டுப் பிளக்கும் ஏறும் ‘யுனிவர்சல்’ சாக்கெட் வேண்டவே வேண்டாம். நம் நாட்டு உருளைப் பின் சாக்கெட் மட்டும் போதும். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

வெளிநாட்டு மெஷினும் வோல்டேஜும்

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானிய பிஎஸ் 1, சேகா சாட்டர்ன், பெரிய பிஎஸ் 2 ஆகியவற்றின் பவர் சப்ளை உள்ளேயே இருக்கும். அவற்றின் தட்டைப் பின் பிளக் யுனிவர்சல் சாக்கெட்டில் தாராளமாக ஏறும். 230 வோல்ட் பாய்ந்த நொடியே மெஷின் போய்விடும். உருளைப் பின் சாக்கெட் மட்டும் இருந்தால் இந்தத் தவறு நடக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

இவற்றுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 110 வோல்ட் வெளியீடு. ஜப்பானிய மெஷினுக்கு 100 வோல்ட் வெளியீடு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். 200 விஏ திறன் தாராளம். சிறிய பிஎஸ் 2 மாடல்கள் பலவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் மின் பெட்டி வெளியே தனியாக, 8.5 வோல்ட் வெளியீட்டோடு வரும். மேலே ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் நேராகவே செருகலாம்.

அடாப்டர் மாற்றும்போது வோல்ட் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ஃபேமிகாமுக்கும் முதல் மாடல் மெகா டிரைவுக்கும் நடுப்பின் மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பின் பிளஸ். ஐரோப்பிய நின்டெண்டோ என்இஎஸ் அடாப்டர் 9 வோல்ட் ஏசி தரும், அதை டிசி மட்டுமே ஏற்கும் ஃபேமிகாமில் மாட்டினால் பலகை எரியும். ஒவ்வொரு அடாப்டரின் வாலிலும் மெஷின் பெயரை எழுதிக் கட்டிவிடுங்கள். சேகரிப்பாளருக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

ஸ்டெபிலைசரா, யுபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா?

ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏறி இறங்குவதைச் சமாளிக்கும், கரன்ட் போனால் உதவாது. பழைய டிவி மட்டும் வைத்திருப்பவருக்கு இதுவே போதும்.

கணினிக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ் சில நிமிடம் தாக்குப் பிடிக்கும். பிஎஸ் 2 மெமரி கார்டில் சேமித்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் மொத்தக் கார்டுமே கெடக்கூடும், அந்தச் சில நிமிடம் அதைக் காப்பாற்றும். பெரிய பிக்சர் டியூப் டிவியை மட்டும் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்ட வேண்டாம். சுவிட்ச் போட்டதும் திரையைக் காந்தநீக்கம் செய்யும் சுருள் ஒரு கணம் நிறைய மின்சாரம் இழுக்கும், யுபிஎஸ் அணைந்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன்வேவ் வகையா என்று பாருங்கள். சதுர அலை தரும் மலிவு வகையில் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் இரைந்து சூடாகும், படத்தில் கோடு விழும். சைன்வேவ் என்றால் பின்புறச் சுவிட்சை ‘யுபிஎஸ்’ நிலையில் வைத்து இந்த அறை லைனையும் அதோடு சேர்த்துவிடலாம். மூன்றில் சிறந்தது இதுதான். புதிதாக ஒரு பைசாகூடச் செலவில்லாமல் பலருக்கு இது கிடைக்கும்.

டிவி: பழைய டியூபா, எல்இடியா?

இந்த ஒப்பீட்டில் தமிழ்நாட்டுக்குத் தனி அதிர்ஷ்டம் உண்டு. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டியூப் டிவிக்கள் வீடுகளுக்குப் போயின. இன்றும் கிராமங்களில் அவை மூலையில் கிடக்கின்றன, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகின்றன. ஏவி உள்ளீடு இருந்து, படம் தெளிவாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஃபேமிகாம் கால விளையாட்டுகளுக்கு 14 அங்குலம் சரியான அளவு. சென்னையிலிருந்து வந்த டயனோரா, சாலிடேர் பெட்டிகளும் ஒனிடா, பிபிஎல், வீடியோகானும் கிடைத்தால் இன்னும் பழைய சுவை.

டியூப் டிவியின் பலம் மூன்று. பட்டனை அழுத்திய கணமே திரையில் அசைவு தெரியும். பழைய மெஷின்கள் தரும் 240 வரிப் படத்தை அது இயல்பாகக் காட்டும். டக் ஹண்ட் விளையாட்டின் துப்பாக்கி அதில் மட்டுமே வேலை செய்யும், ஏனென்றால் டியூபில் ஒளிக்கீற்று வரி வரியாக ஓடுவதை நம்பித்தான் அந்தத் துப்பாக்கி இயங்குகிறது. பலவீனம் எடை, இடம், உதிரி பாகம். 29 அங்குலப் பெட்டி 40 கிலோவைத் தாண்டும். நம் வீட்டுச் சுவரலமாரிக் கடப்பா கல்லின் மேல் அதை ஏற்றாதீர்கள், கனமான இரும்பு மேசை வேண்டும். அணைத்த பிறகும் உள்ளே பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும் என்பதால் பின்மூடியை நீங்கள் திறக்கவே கூடாது. நல்ல டிவி மெக்கானிக் ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தொழில் அறிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.

எல்இடி டிவி மெல்லியது, எளிதில் கிடைப்பது. மலிவான ஏவி–எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டி பழைய 240 வரிப் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு குழப்பிக் காட்டும், பட்டனுக்கும் அசைவுக்கும் இடையே தாமதமும் கூடும். மரியோவில் ஒரு குதிப்பு தவற அந்தத் தாமதமே போதும். எல்இடிதான் வழி என்றால் ரெட்ரோடிங்க் போல இதற்கென்றே செய்யப்பட்ட பெட்டியை வாங்க வேண்டும். ஓஎஸ்எஸ்சி என்ற பெட்டியும் நல்லதே, ஆனால் அது மஞ்சள் பின் கேபிளை ஏற்காது. நம் குளோன்களுக்கு மஞ்சள் பின்னைத் தவிர வேறு நல்ல வெளியீடு இல்லாததால் குளோன் வைத்திருப்பவருக்கு அது பயன்படாது.

வாங்குமுன் ஒன்றைச் சோதியுங்கள். நம் ஊர்க் குளோன்கள் பால் முறை, வினாடிக்கு 50 படம். ஜப்பானியவை என்டிஎஸ்சி, 60 படம். பால் மட்டும் அறிந்த பழைய டிவியில் ஜப்பானிய மெஷின் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், அல்லது படம் உருளலாம். மெனுவில் ‘ஆட்டோ’ அல்லது ‘என்டிஎஸ்சி’ இருக்கிறதா பாருங்கள். 50 படத்தில் பல விளையாட்டுகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். நம்மில் பலரும் சிறு வயதில் பழகிய மரியோ அந்த மெதுவான மரியோதான்.

கேபிள்: எது தெளிவு?

ஆன்டெனா ஓட்டையில் மாட்டும் ஆர்எஃப் கடைசித் தேர்வு. மஞ்சள் பின் ஏவி அதைவிடத் தெளிவு, குளோன்களுக்கு அதுவே எல்லை. பிஎஸ் 2 வைத்திருப்பவர் பச்சை, நீலம், சிவப்புப் பின் கொண்ட காம்பொனென்ட் கேபிள் வாங்கினால் படத்தில் பெரிய மாற்றம் தெரியும். ஐரோப்பியர் புகழும் ஸ்கார்ட் நம் டிவிக்களில் கிடையாது. ஆனால் 2000களில் இங்கே விற்ற 21, 29 அங்குலத் தட்டைத் திரை டியூப் டிவிக்கள் பலவற்றில் காம்பொனென்ட் உண்டு. டியூப் டிவி தேடும்போது பின்புறம் அந்த மூன்று ஓட்டைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

மெஷின் நான்கைத் தாண்டினால் ஏவி செலக்டர் வேண்டும். பட்டனை அழுத்தி மாற்றும் சாதாரண வகையே போதும், அதற்குக் கரன்ட் வேண்டாம், தாமதமும் இல்லை. பயன்படாத மெஷினின் மின்சுவிட்சை அணைத்து வைத்தால் போதும். மின் வயரையும் ஏவி கேபிளையும் சேர்த்துக் கட்டாதீர்கள். மின் வயர் இடப்பக்கம், படக் கேபிள் வலப்பக்கம் என்று பிரித்து விடுங்கள். இரண்டும் குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் குறுக்கிடட்டும். படத்தில் ஓடும் கோடுகளும் ஸ்பீக்கர் இரைச்சலும் பெருமளவு குறைந்துவிடும்.

அடுக்குவது: மரமா, இரும்பா, பிளாஸ்டிக்கா?

மர அலமாரி அழகு. கரையான் உள்ள ஊரில் அது பெரிய ஆபத்து, அட்டைப் பெட்டிகளை முதலில் தின்றுவிடும். சுவரோடு கட்டிய கடப்பா கல் அலமாரிக்குக் கரையான் பயம் இல்லை, ஓதம் காக்காத சுவராக இருந்தால் கேசட்டும் டிஸ்க்கும் வைக்க நல்லது. இரும்பு ஆங்கிள் ரேக் காற்றோட்டம் உள்ளது, உயரத்தை மாற்றிக்கொள்ளலாம், மெஷின்களுக்கு இதுவே சிறந்தது. சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள், பின்னால் கேபிள் ஓடவும் சூடு வெளியேறவும் அந்த இடம் வேண்டும். கண்ணாடிக் கதவு அலமாரி தூசியைத் தடுக்கும், ஆனால் ஓடும் மெஷினை அதற்குள் வைத்தால் சூடு அடைபடும். எனவே ஓடுவது ரேக்கில், ஓய்வெடுப்பது கண்ணாடிக்குள்.

அசல் அட்டைப் பெட்டி, கையேடு, அரிய கேசட் ஆகியவற்றை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாக்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். மழைக்காலம் முழுவதும் மாதம் ஒருமுறை எல்லா மெஷினையும் அரைமணி நேரம் ஓட்டுங்கள், உள்ளே ஈரம் தங்காது. கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதாதீர்கள். வாயின் ஈரம் பின்களை அரிக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். விளையாட்டைச் சேமிக்கும் கேசட்டுகளில் உள்ளே சிறு பேட்டரி இருக்கும். அது ஒழுகினால் பலகையைக் கெடுக்கும், வாங்கியவுடன் திறந்து பார்ப்பது நல்லது.

உங்களுக்கு எது?

கையில் கொஞ்சம் பணம், ஒரு மூலை மட்டும் இருந்தால்: எர்த் உறுதி செய்த ஒரு போர்டு, 14 அங்குல டியூப் டிவி, ஒரு குளோன், சில கேசட்டுகள், மூடி போட்ட டப்பா. சேகரிப்பின் மகிழ்ச்சி முழுவதும் இதிலேயே கிடைக்கும்.

ஒரு அறை முழுதாக இருந்தால்: எம்சிபி, ஆர்சிசிபியோடு தனி லைன், சைன்வேவ் இன்வெர்ட்டர் இணைப்பு, காம்பொனென்ட் உள்ள 21 அங்குல டியூப் டிவி, ஏவி செலக்டர், இரும்பு ரேக், பிஎஸ் 2, குளோன்கள். பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை இதுவே.

வாடகை வீடு, அடிக்கடி ஊர் மாற்றம் என்றால்: எல்இடி டிவி, சிறு கணினி, ஒரே ஒரு அசல் மெஷின். மற்றவை டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு காத்திருக்கட்டும்.

மூன்றில் எதைத் தேர்ந்தாலும் ஒன்று மாறாது. அரிய கேசட் ஒன்றை வாங்குமுன் அந்தத் தொகையில் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். கேசட் எங்காவது இன்னொரு முறை கிடைக்கும். எரிந்துபோன பழைய சிப்பை இனி யாரும் செய்யப் போவதில்லை. இந்த டியூப் டிவிக்களும் மெஷின்களும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் இந்த மழைக்காலம் தொடங்குமுன் அதைக் கீழே இறக்குங்கள்.